மூன்று மணிச் சோறு

வெளிநாட்டில், கோட்-டெ-நெய்ஜ் மருத்துவமனையின் மனநலப் பிரிவு. டாக்டரின் கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் நிரோஜா தமிழில் கேட்டாள்.

“காலமை என்ன சாப்பிடுறனீங்கள், அண்ணை?”

“ஒண்டுமில்லை,” என்றார் கிருபானந்தன்.

“பகலிலை?”

“பசிக்காது.”

“இரவிலை எழும்பி?”

“ஓம். மூண்டு மணிக்கு. வயிறு நிறையச் சோறும் மீன்குழம்பும்.”

டாக்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டே சொன்னதை நிரோஜா தமிழாக்கினாள்.

“இஞ்ச வாற கனபேருக்கு இரவிலை எழும்பிச் சாப்பிடுற இந்த வருத்தம் இருக்காம். குளிசை போட்டா விடியுமட்டும் நித்திரை கொள்ளலாமாம்.”

அவர் பதறினார். “ஐயோ, வேண்டாம் பிள்ளை! அப்பதான் யாழ்ப்பாணத்திலை மத்தியானம். மனிசி போனைப் பக்கத்திலை வைச்சுத்தான் சாப்பிடுவா. நான் சாப்பிடாட்டி அவவும் தொடமாட்டா. அவவை இஞ்ச கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் இன்னும் சரிவரேல்லை.”

நிரோஜா சொன்னதைக் கேட்ட டாக்டர், மருந்துச் சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

“குளிசை இல்லையாம். ஆனா பகலிலையும் சாப்பிடட்டாம், அண்ணை.”

“ஆரோடை?”