மழை துடைத்த பலகை

குதிரைப் பந்தய மைதானத்தில் மழை கொட்டுகிறது. ஒரு கையில் வாளியும் மறு கையில் ஸ்பாஞ்சுமாக, பூட்ஸ் சேற்றில் புதைய, ஹெர்பி வந்து, பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஈனாக்கின் பெட்டிக்கு முன்னால் நிற்கிறான். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும், புக்கிகள் குதிரைகளின் பந்தய விகிதம் எழுதும் கரும்பலகையை அவன்தான் துடைப்பான். அதற்கு இரண்டு ஷில்லிங் கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றவர்களுக்குப் பலகையோடு மூக்கும் உடைந்திருக்கிறது. இன்றைக்கோ ஈனாக்கின் பலகையில் சாக்பீஸ் எழுத்தெல்லாம் பாலாய்க் கரைந்து, அவருடைய கட்டம் போட்ட கால்சட்டையில் வழிகிறது.

"லேட்டா வந்துட்டியே ராசா. மழையே துடைச்சிட்டுப் போயிருச்சு. காசை அதுகிட்டப் போய்க் கேளு," என்கிறார் பெட்டிமேல் நிற்கும் ஈனாக். குடைகளுக்கடியில் சிரிப்பு கிளம்புகிறது. வேலியோரம் சுருட்டும் கையுமாக நிற்கும், ஹெர்பியை வசூலுக்கு அனுப்பிய ரவுடிக் கூட்டத்தின் தலைவன் மட்டும் சிரிக்காமல் ஹெர்பியையே பார்க்கிறான். ஹெர்பிக்குக் காது சிவக்கிறது. வாளியை வைத்துவிட்டுக் கையை மார்புப் பக்கம் கொண்டுபோகிறான். கோட்டுக்குள் சவரக்கத்தி இருப்பது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கி, குடைகள் பின்வாங்குகின்றன. அவனோ பொத்தான்களைக் கழற்றி, கோட்டை உதறி, பலகைக்கு மேலே பந்தல்போல விரித்துப் பிடிக்கிறான். தொப்பி விளிம்பிலிருந்து மூக்கில் தண்ணீர் சொட்டுகிறது.

"எழுதுங்க மொதலாளி. துடைச்சா ரெண்டு ஷில்லிங். அழியாம காத்தா நாலு."

ஈனாக் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுக்கிறார்.

"ஏப்பா, இங்கயும் ஒரு கோட்டு வேணும்," என்று பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு குரல். வேலியோரத்தில் தலைவன், தன் புத்தம் புதுக் கோட்டைக் குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, மெல்ல முதல் பொத்தானைக் கழற்றுகிறான்.