மீனலோசனியின் எதிரொலி

“உந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாட்டிக் கடலிலை எறியும், தம்பி! இப்பவும் என்ரை கதை எனக்கே திரும்பி வருது.”

மீனலோசனி ரெலிபோனைப் படாரென்று வைத்தாள். பெட்டி பூட்ட வந்த பரராசசிங்கத்துக்கு விசர் பிடிக்காத குறை. காலை எட்டு மணியிலிருந்து சரவணைச் சந்தித் தொலைபேசிக் கடையில் எதிரொலி கழிக்கும் அந்தப் புதுப்பெட்டியோடு மாரடிக்கிறான். ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை.

“அக்கா, நீங்கள் கதைக்கிறதைப் பெட்டி கேட்டு வைச்சிருக்கும். அது லைனிலை திரும்பி வந்தால், உங்கடை குரலெண்டு கண்டு கழிச்சுவிடும்.”

“கிழிச்சுது! குரலும் அடைச்சுப்போய் ஆரோ மாதிரி வருது.”

“தூர லைனிலை குரல் அப்பிடித்தான் மாறும், அக்கா.”

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் கொதித்தது. கடைக்கார முருகேசு பாரிசுக்குக் கதைத்தபோது எதிரொலி மருந்துக்கும் இல்லை. செபஸ்தியம்மா மகனோடு கதைத்தாள், அதுவும் சுத்தம். இந்த ஒரு மனிசிக்கு மட்டும் என்ன கோதாரி?

மீனலோசனிக்குக் கண் கலங்கிவிட்டது. புருசன் சிவபாதம் ஜேர்மனியில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை.

“நான் வாயெடுக்க முன்னமே கதைக்கத் தொடங்கிற மனுசன், தம்பி. இப்ப நான் ஒண்டு கேட்டு, அந்த எதிரொலியும் வந்து முடிஞ்ச பிறகுதான் ஓம், இல்லையெண்டு ஒரு சொல்லு. என்னை வெறுத்திட்டாரோ எண்டு பயமாய்க் கிடக்கு. இடையிலை ஒண்டும் குழப்பாமல் ஒருக்கால் கதைச்சால் எனக்குப் பிடிபட்டிடும்.”

பரராசசிங்கம் பெட்டியின் திருகுகளை இன்னொரு தடவை முடுக்கினான். “திரும்ப எடுப்பம், அக்கா.”

“என்னாலை ஏலாது. நீரே கதையும்.”

அரை மணித்தியாலம் கழித்து லைன் கிடைத்தது. அவனுக்குக் கட்டைக் குரல். போதாததற்குக் கத்தினான்: “ஹலோ! சிவபாதம் அண்ணையோ? சுகமாய் இருக்கிறியளோ?”

திரும்பி வந்தது: “சுகமாய் இருக்கிறியளோ?”

பெண் குரல்!

பெட்டியில் வைத்த கை அப்படியே நின்றது. பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. இது எதிரொலியே இல்லை. அட படுபாவி மனுசா, இஞ்சை ஒருத்தி உனக்காக அழுதுகொண்டு நிற்கிறாள்! மீனலோசனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மறுபக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாய்க் கேட்டான். “நீர் ஆர்? அண்ணையின்ரை போனிலை உமக்கென்ன வேலை?”

 அந்தக் குரல் தழுதழுத்தது.

“அவரோடை வேலை செய்யிற ஆளின்ரை மனிசி நான். அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. அக்கா சொல்லுறதை நான் திருப்பிச் சொல்ல, என்ரை வாயசைவைப் பாத்துத்தான் அவர் மறுமொழி சொல்லுறவர். அவருக்கு இப்ப ரண்டு காதும் கேளாது.”