மிலோனாவுக்கு அர்த்தமில்லை

“பேரு மாத்தறதுக்குக் காரணம் என்னம்மா?” கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் தருண்.

“சோப்பு,” என்றாள் மிலோனா.

புத்தூர் மீசேவா என்ற அரசு சேவை மையத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தருண் சிரித்துவிட்டான். “மிலோனா சோப்பா! மா இன்ட்லோ கூடா அதேம்மா. எங்க வீட்டுல எல்லாரும் அதான் போடுறோம். ஃபேமஸ் பேரு, எந்துக்கு மாத்தறீங்க?”

“உங்க பேருல ஒரு பினாயில் வந்தா தெரியும் சார்.”

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சில் அந்த விளம்பரப் பாட்டு ஆரம்பித்துவிடும். போன மாதம் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், உங்க பேருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டது.

தேடிப் பார்த்தாள். எந்த மொழியிலும் இல்லை. சோப்புக் கம்பெனிக்காரன் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்.

பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அம்மா சுந்தராம்பாள் இருந்தாள். சாட்சிக் கையெழுத்துக்காக மிலோனாதான் அவளை நகரியிலிருந்து கூட்டி வந்திருந்தாள். அம்மா இன்னும் போடவில்லை.

“அர்த்தம் இருக்கக் கூடாதுன்னுதான்டி வச்சேன்,” என்றாள் சுந்தராம்பாள், பஸ்ஸில் சொன்னதையே. “மனுசப் பேருன்னா எமன் கண்டுபுடிச்சிடுவான். கடைச் சரக்குன்னு நெனச்சி உட்டுட்டுப் போவட்டும்னுதான்.”

மிலோனாவுக்கு முன்னால் இரண்டு பெண் குழந்தைகள். இரண்டுமே தவழுவதற்கு முன்னால் போய்விட்டன.

அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பம்மா என்று வைப்பது வழக்கம். குப்பம்மா என்கிற தந்திரம் எமனுக்கே இந்நேரம் தெரிந்திருக்கும் என்று சுந்தராம்பாளுக்குத் தோன்றியது. பிரசவ ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு சோப்பு உறை கிடந்தது. அதை நர்ஸிடம் படித்துக் காட்டச் சொன்னாள். அதையே வைத்தாள்.

“இருபத்துநாலு வருசமா உன்ன உசுரோட வச்சிக்கினு இருக்கிற பேரு. எடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சின்னா?”

“ஒண்ணும் ஆவாதும்மா. நீ கையெழுத்து போடு.”

“புதுப் பேரு சொல்லுங்க,” என்றான் தருண்.

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த துண்டுச் சீட்டை மிலோனா நீட்டினாள். அவன் தட்டச்சு செய்தபடியே உரக்கப் படித்தான்.

“உதயா.”

சுந்தராம்பாள் எழுந்து நின்றுவிட்டாள்.

“யாரு சொன்னா இந்தப் பேர?”

“நீதான்.”

“நானா?”

“தூக்கத்துல கூப்புடுவியேம்மா. நான் சின்னதா இருந்தப்பலேர்ந்து. ‘உதயா, உதயா’ன்னு. நான் ‘என்னம்மா’ம்பேன். ஒடனே சிரிச்சிக்கினே தூங்கிடுவ. நைனாகிட்ட கேட்டேன், வாயத் தொறக்கல. சரி, நீ எனக்கு ஆசையா வச்ச பேரு போலன்னு நெனச்சிக்கினேன்.”



மூத்தவளுக்கு வைத்த பெயர் அது. நாற்பது நாள் இருந்தாள். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று இரண்டாவதற்கும் அதையே வைத்தார்கள். அவள் மூன்று மாதம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எமனுக்குப் பிடித்த பெயர் என்று சுந்தராம்பாள் பயந்து பூட்டிவைத்தது. அதற்கு இந்தப் பெண் இத்தனை வருடம் பதில் சொல்லியிருக்கிறாள். நன்றாகத்தான் எதிரில் நிற்கிறாள்.

“சாட்சி சந்தகம் இக்கடம்மா,” என்று கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினான் தருண்.

சுந்தராம்பாள் பேனாவை வாங்கினாள்.

அவள் புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. உதயா கனவில் வருவாள். பாவாடை கட்டினாள், பள்ளிக்கூடம் போனாள், தோளுக்கு மேல் வளர்ந்தாள். கூப்பிட்டால் ‘என்னம்மா’ என்பாள். அந்த ஒரு குரலுக்காகவே சுந்தராம்பாள் சீக்கிரம் படுக்கப் போவாள். அது பக்கத்தில் படுத்திருந்த மிலோனாவின் குரல்.

கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு முறை புதைத்த பிள்ளை, இன்றைக்குத்தான் அவளுக்குச் செத்துப்போனது.