ஒரு வார்த்தைக்கு அடங்கிய சத்தம்

சர்ர்ர்... சர்ர்ர்...

இருட்டியதும் வீட்டின் பின்பக்கம் அந்தச் சத்தம். பாரமான எதையோ யாரோ இழுத்து வருகிற மாதிரி. கதவுகிட்ட வந்ததும் நின்றது.

மழையில் உப்பிப்போன கதவு, தாழ்ப்பாள் விழுவதில்லை. கணவர் ஜீவராஜுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான்.

தினமும் கதவோடு இழுத்து ஒட்டி வைக்கிற மேசையை இன்னும் நெருக்கித் தள்ளினேன்.

பக்கத்து வீட்டு இருளாண்டியாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்தால் தண்ணி போடுகிற ஆள். அவரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன்.

மறுநாளும் அதே சத்தம். நான் படித்த கொன்வென்டில் எங்கள் மதர் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார், வகுப்பே அடங்கிவிடும். அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டு கத்தினேன்.

"டிசிஸ்ட்."

சத்தம் நின்றது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

சில நாள் கழித்துக் குழாயடியில் இருளாண்டியின் மனைவி ராசம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அன்னைக்கு ராவுல இங்கிலீசுல என்னமோ கத்துனீங்களே, அப்படின்னா என்னா?"

"நிப்பாட்டுன்னு அர்த்தம்க்கா."

"ஸ்டொப்புன்னா எங்களுக்கே வெளங்குமே?"

"ஸ்டொப் எல்லாத்துக்கும் சொல்லலாம். பஸ்ஸும் நிக்கும், மழையும் நிக்கும். இது மனுசங்களுக்கு. செய்றதுக்குத் தெம்பு இருந்தாலும், வேணாம்னு சொன்னதும் கைவிட்டுடணும்."

அவர் வீட்டுக்காரர் காதுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் அழுத்திச் சொன்னேன்.

ராசம்மா யோசித்தார். "அப்ப அவரு கைவிடலையே."

"எதை?"

"பலாக்கட்டையை. நீங்க மேசை இழுக்குற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. வெளிய தொறக்குற கதவுக்கு உள்ள மேசையை வச்சா யாரைத் தடுக்கும்? பச்சப்புள்ளையோட தனியா இருக்காங்கன்னு, ராவானா கட்டையை இழுத்துட்டு வந்து வெளிய முட்டுக் குடுப்பாரு. விடியமுன்ன எடுத்துருவாரு. நீங்க கத்துனதுல இருந்து, புள்ள முழிச்சிரும்னு தோள்ல தூக்கிட்டுப் போறாரு. தண்ணி போட்டாத்தான் தூக்க முடியுதுன்னு எங்கிட்ட சாக்கு வேற. இப்ப இடுப்பு புடிச்சிக்கிச்சு."

வாளி நிரம்பி வழிந்தது. நான் கவனிக்கவில்லை.

"தாழ்ப்பாளையே சரி பண்ணித் தந்திருக்கலாமேக்கா?"

"அதுக்கு உள்ளுக்கு வரணுமே. ஆளைக் கண்டாலே சாத்திக்கிறீங்க."

அன்று சாயங்காலம் நானே போய்க் கூப்பிட்டேன். இருளாண்டி உளியோடு வந்தார். கதவின் ஓரத்தைச் செதுக்கினார், நிலையில் தாழ்ப்பாள் ஓட்டையைப் பெரிசாக்கினார். தேத்தண்ணியை நின்றுகொண்டே குடித்தார். பிறகு இடுப்பைப் பிடித்தபடி வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"இப்ப போடுங்க தங்கச்சி."

தாழ்ப்பாள் விழுந்தது. வெளியிலிருந்து இழுத்து இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை.

"சரி," என்றார். "இனி நான் டிசிஸ்ட்."