ஆறாவது டி.சி.

"டி.சி. எழுதிக் குடுங்க டீச்சர். பொண்ணை நாளைக்கே கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்க்கப் போறேன்."

பெரிய டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடினார். இந்த மாதத்தில் இது ஆறாவது டி.சி.

மாவு மில்லுக்கு மேல் மாடியில், பிளைவுட் தடுப்பு வைத்த ஐந்து அறைகள். அதுதான் பள்ளி. பதினெட்டு வருடமாகத் தனியாளாக நடத்தி வருகிறார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பீஸ் கட்டுகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். ஆறு போனால் அறுபது போக எத்தனை நாள் ஆகும்?

அதிலும் எதிரே நிற்பவள் லேசுப்பட்டவள் இல்லை. சட்டைக் கம்பெனியில் செக்கர். அவள் எந்தப் பள்ளிக்குக் கைகாட்டுகிறாளோ, அவள் தெருவே அங்கேதான் போகும்.

"உட்காரும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஸ்கூலே வேண்டாம்னு பொண்ணை இழுத்துக்கிட்டு வந்தது யாரு? நீதானே?"

"நானேதான். அப்ப இருந்த சார் வாரத்துல ரெண்டு நாள் வருவாரு. அந்த ரெண்டு நாளும் போனும் கையுமா இருப்பாரு. இப்ப புதுசா ஒரு டீச்சர் வந்திருக்காங்க."

"புதுசுல எல்லாரும் ஓடி ஓடித்தான் வேலை பார்ப்பாங்க."

"அதான் அரை நாள் லீவு போட்டு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு நேர்லயே போய்ப் பார்த்துட்டேன். தினம் எண்ணூறு சட்டை பார்க்கிறவ நான். வெளியே எவ்வளவு மடிப்பா இருந்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காம விடமாட்டேன்."

பெரிய டீச்சர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, என்ன பார்த்தே? நேரத்துக்கு வர்றாளா?"

"வர்றாங்களான்னு கேளுங்க டீச்சர். என்ன இருந்தாலும் அவங்களும் ஒரு டீச்சர்."

"சரிம்மா, வர்றாங்களா?"

"பெல்லுக்கு முன்னாடியே வந்து கதவைத் திறந்து வெச்சிடுறாங்க."

"கூரை ஒழுகுற ஸ்கூல் அது."

"ஒழுகுது. ஒழுகாத பக்கமா பெஞ்சை நகர்த்திப் போட்டுப் பாடம் நடத்துறாங்க."

"ரெண்டு கிளாஸை ஒண்ணா உட்கார வெச்சிருக்காங்களாமே?"

"ஆமா. மூணாங்கிளாஸ் புள்ளைங்க ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுதுங்க. ரெண்டு பக்கமும் பாடம் நடக்குது."

"அடி கிடி?"

"கையே நீட்டலை. ஒரு பார்வைதான். வாலுப் பசங்ககூட பெட்டிப்பாம்பா அடங்கிடுறாங்க."

பெரிய டீச்சர் விடுவதாக இல்லை. குரல் உயருமா, பின்பெஞ்சுக்குப் போவாளா, தப்பாக எழுதினால் என்ன சொல்வாள் என்று துருவித் துருவிக் கேட்டார். செக்கர் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னாள். கடைசியில் அவள் குரல் தணிந்தது.

"உங்களைக் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க டீச்சர். என் பொண்ணு வீட்டுல பாடமெல்லாம் கடகடன்னு ஒப்பிப்பா. எனக்குப் பெருமை தாங்காது. அன்னிக்கு அந்த டீச்சர் ஒரு புதுப் புத்தகத்தை நடுவுல பிரிச்சு, 'இதை வாசி கண்ணு'ன்னாங்க. இவ திருதிருன்னு முழிச்சா. எல்லாம் வெறும் மனப்பாடம்னு அப்பத்தான் புரிஞ்சுது."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரிய டீச்சர் மேஜை மேல் கிடந்த செய்தித்தாளை அவளிடம் நீட்டினார். "இந்த ஒரு வரியை வாசிம்மா."

சிறுமி ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாள். இரண்டாவது சொல்லைத் தாண்ட முடியவில்லை.

பெரிய டீச்சருக்குச் சுருக்கென்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வரை அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு நெஞ்சு நிமிரும்.

பேனாவைத் திறந்து டி.சி. எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

"கோபமில்லையே டீச்சர்?"

"எதுக்குக் கோபம்? நீ மூஞ்சிக்கு நேரா சொன்னே, மத்த அஞ்சு பேரும் சொல்லாமப் போனாங்க. நாளையிலேர்ந்து இங்கேயும் ஒவ்வொரு புள்ளையும் தினம் அரை மணி நேரம் வாசிக்கும். நானே பக்கத்துல உட்காரப் போறேன். ஆறு மாசம் கழிச்சு வந்து பாரு. நீயே திரும்பக் கூட்டிட்டு வருவே."

"அப்படி நடந்தா கூட்டிட்டு வர்றேன் டீச்சர். எனக்கென்ன, எங்கே நல்லா படிக்கிறாளோ அங்கே." செக்கர் சிரித்துக்கொண்டே மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

சாயங்காலம் பெரிய டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் அந்தக் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர் தரையெல்லாம் நோட்டுகளைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் என் ஸ்கூல்லேருந்து ஒண்ணைத் தூக்கிட்டேடி" என்றபடி பெரிய டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நான் யாருன்னு சொல்லிடலையே?"

"சொல்வேனா? அப்புறம் யாரு உன்னைப் பத்தி இவ்வளவு உண்மையைச் சொல்வாங்க?" என்று கேட்டார், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை மாதமே ஆன தன் மகளிடம்.