வாழைக்கொல்லை வளைவு

"என்ன பொண்ணு இது? நண்டு போன தடம் மாதிரி இருக்கு. இதுல எவன் போவான்?"

குரல் கேட்டு அம்சவல்லி மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வரப்பில் குடையும் கையுமாகக் கமலாம்பாள் நின்றிருந்தார். இந்த வாழைக்கொல்லைக்குச் சொந்தக்காரர். நேற்றும் வந்தார், முந்தாநாளும் வந்தார். வந்தால் சும்மா போகிற ஜென்மமா அது? ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்தாக வேண்டும்.

"ஒத்தையடிப் பாதைம்மா. பைக் ரேஸுக்கு இப்படித்தான் இருக்கணும். ஒரு வண்டி போற அகலம் இருந்தாப் போதும்."

"போதும்னு நீ சொன்னா ஆச்சா? கொல்லை என்னுதுல்ல?"

அம்சவல்லி பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கூட வண்டி ஓட்டும் ஜெக்கரியாவையும் திருச்சியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் தெருவுக்குப் பின்னால் தொடங்கி, வாய்க்கால் கரை, கருவைக் காடு என்று காவிரிக் கரைவரை பாதை வெட்டியாகிவிட்டது. அதெல்லாம் புறம்போக்கு, கேட்க ஆளில்லை. நடுவில் இந்தக் கொல்லை ஒன்றுதான் பட்டா நிலம். சுற்றிப்போனால் பள்ளத்து வயல்தான், பாதை கிடையாது. இந்த அம்மாள் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வேறு!

"இந்த மேட்டை எதுக்குக் கூட்டி வச்சிருக்கே?"

"அதுல ஏறித்தாம்மா வண்டி எகிறிக் குதிக்கும். அதைப் பாக்கத்தான் கூட்டமே வரும்."

"எகிறவும் வேணாம், குதிக்கவும் வேணாம். நிரவிப்புடு."

ஜெக்கரியா பல்லைக் கடித்தான். முந்தாநாள், ஈரம் கோக்கிற இடத்தில் செங்கல் ஜல்லி கொட்டச் சொன்னார். சேறு தெறித்தால்தானே ரேஸ் என்று இவன் கெஞ்சியது காதில் ஏறவில்லை. நேற்று, தாழத் தொங்கும் இலையையெல்லாம் தலைக்கு மேல் ரெண்டு முழம் விட்டுக் கழிக்கச் சொன்னார். இன்று மேடும் போயிற்று.

"அம்சா, இந்தம்மா ரேஸ் நடத்த விடுதா, இல்ல நம்மளை வச்சு ரோடு போடுதா?" அவளிடம் முணுமுணுத்தான். "பேசாம கொல்லைக்கு இந்தப் பக்கமே ஃபினிஷ் வச்சிடுவோம். ஆத்தங்கரைக்குப் போயே ஆகணுமா?"

"போயே ஆகணும்."

"ஏன்?"

"ஆகணும்னா ஆகணும். சும்மா தொணதொணக்காதே!"

இப்படிச் சீறுகிறவளே அல்ல அவள். ஊருக்கு வந்ததிலிருந்து தூக்கம் கிடையாது, உட்கார்ந்து ஒரு வாய் சோறு கிடையாது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல்.

"காலையில என் கொழுந்தன் பஞ்சநதம் வந்து குதியோ குதின்னு குதிச்சான்," என்றார் கமலாம்பாள். "'என்ன அண்ணி, அந்தத் தெரு ஆளுங்களுக்குப் பாதை விடறீங்களாமே? ஒருதரம் கால் வைக்க விட்டா, நாளைக்கு நடைபாத்தியம், வழி எங்க உரிமைன்னு கோர்ட்டுல போயி நிப்பாங்க. அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு அடி விட்டாரா?'ன்னான்."

அம்சவல்லிக்குப் பகீரென்றது.

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"வெளியூர்ப் பசங்க பைக்கு விட வர்றாங்கடா, நீயும் வேடிக்கை பாருன்னேன். ரேஸுன்னா சரிதான்னு மீசையைத் தடவிக்கிட்டுப் போயிட்டான். கப்பு கொடுக்க அவனைத்தான் கூப்பிடணுமாம்."

"அதுக்கென்னம்மா, கூப்பிட்டுடுவோம்!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அந்தத் தெம்பில் ஜெக்கரியாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவன் வண்டியை முடுக்கினான். வாய்க்கால் பக்கமிருந்து சீறி வந்தவன், கொல்லைக்குள் நுழைந்து, கடைசி வளைவில் வண்டியைத் தரையோடு சாய்த்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஒரே திருப்பில் ஆற்றுப் பக்கம் போய் நின்றான். ஆகா! அவளுக்கே கை தட்டத் தோன்றியது.

"இந்த வளைவு ஆகாது," என்றார் கமலாம்பாள்.

"என்னது?"

"ரெண்டு பக்கமும் வாழையை வெட்டி அகலமாக்கு."

"குலை தள்ளுன மரம்மா!"

"என் மரம்தானே? வெட்டு."

அம்சவல்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"முடியாதுங்க! சேறு வேணாம்னீங்க, சரி. மேடு வேணாம்னீங்க, அதுக்கும் சரி. இப்ப வண்டி அழகாத் திரும்பிடுச்சே, உங்க கண்ணாலதானே பாத்தீங்க? இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு? விட இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. இப்படித் தினம் வந்து உசுரை வாங்காதீங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கெட்டது காரியம். தூரத்தில் ஜெக்கரியா, வண்டியை அணைத்துவிட்டு, போச்சுடா என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

கமலாம்பாள் கோபிக்கவில்லை. குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தார். வளைவில் நின்ற வாழையின் அருகே போய், வரப்பில் கிடந்த அரிவாளை எடுத்து, தன் கையாலேயே ஒரு போடு போட்டார். குலையோடு மரம் சரிந்தது. பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ எதுக்குப் பாதை வெட்டுறேன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் வழி விடாம, அந்த அடைமழையில உங்கப்பனை ஆத்தங்கரை மயானத்துக்கு இடுப்பளவுத் தண்ணியில வயலோட தூக்கிட்டுப் போயி, பாதியில நழுவ விட்டாங்களே, நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். ஒத்தை வண்டி எப்படியும் திரும்பிடும்டி, பாடை தூக்கிட்டு வர்ற நாலு பேரு திரும்ப வேணாமா?"