தட்டில் ஒரு காய்ச்சல்

இரத்தோட்டைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் போயா விடுமுறை நாளின் மதியமென்றால் ஈ காக்கை இராது. தலைமைத் தாதி தவமணிதேவி அந்த நேரத்தை வீணாக்கமாட்டாள். வெப்பமானிகளையெல்லாம் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாக இட்டு, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்ப்பாள்.

அன்று பன்னிரண்டும் சரியாகவே காட்டின. உதறித் துடைத்துத் தட்டில் அடுக்கிய பிறகு, ஒன்றில் மட்டும் பாதரசம் தானாக ஏறி நூற்று நான்கில் நின்றது. மூன்று தடவை உதறினாள். மூன்று தடவையும் ஏறியது.

"எறிஞ்சிருங்க மிஸ்ஸி," என்றாள் பணிப்பெண் றம்லா.

"இந்தக் காய்ச்சலோட எறியிறதே? விசிறியைக் கொண்டுவாரும்."

உலர்ந்த பஞ்சில் அதைக் கிடத்தினார்கள். றம்லா ஓதிக்கொண்டே விசிறினாள். தவமணிதேவி புது அட்டையொன்றை எடுத்து, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, அரைமணிக்கொரு தடவை குறித்தாள். நான்கு மணிக்கு நூற்றாறு. றம்லா இன்னும் வேகமாக விசிறினாள்.

ஐந்து மணிக்கு, யாரும் உதறாமலே, தொண்ணூற்றெட்டரைக்கு இறங்கியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! விட்டிருச்சு மிஸ்ஸி!"

தவமணிதேவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மெல்லப் பேசும். நித்திரை கொள்ளட்டும்."

பெட்டியில் வைக்க அதைப் பக்குவமாகத் தூக்கினாள். அடியிலிருந்த பஞ்சு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.